தந்தி அறுந்த நேரலை

'டங்'கென்று வயலின் தந்தி அறுகிறது. வானொலியின் நேரலை இசை நிகழ்ச்சிக்கு இன்றுதான் கடைசி நாள். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற நேரம் பார்த்தா இது நடக்க வேண்டும்? கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒலிப் பொறியாளருக்குத் திக்கென்கிறது. நேரலையில் தடங்கல் வந்தால் ஓடவிட, பதிவு செய்த பாட்டு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகிறது, தொடாமல் நின்றுவிடுகிறது. உள்ளே புல்லாங்குழல்காரர், வயலின் விட்ட இடத்தில் ராகத்தைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொள்கிறார். தபலாக்காரர் தாளம் பிசகாமலே வயலின்காரியைப் பார்த்து, 'வா, வா' என்று தலையாட்டுகிறார். அவள் மிச்சமிருக்கும் மூன்று தந்திகளையும் விரலால் தடவிப் பார்க்கிறாள், கண்ணை மூடுகிறாள், வில்லை வைக்கிறாள். பாட்டு முன்னைவிடக் குழைந்து வருகிறது. அக்காவுக்குக் கையெல்லாம் சிலிர்க்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வருகிறார்.

"என்னம்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? ரெக்கார்டைப் போடு. மானம் போகுது."

அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"நாளையிலேர்ந்து தினமும் ரெக்கார்டுதானே சார் போடப்போறோம். இன்னிக்கு ஒருநாள் அவங்களே முடிக்கட்டும்."