எலும்புக்கு ஒரு தொப்பி

"இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா? என்னைப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கறேன்!" என்று ஆஸ்பத்திரி வராந்தா சுவரில் சாய்ந்தபடி சிரித்தார் தீயணைப்பு வீரர்.

கால்பந்து நடுவருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது. நாற்பது வயதிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்து, ஒரு மாதமாக விசிலை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். ஆபரேஷனுக்குச் சம்மதமா இல்லையா என்று இன்றைக்கு டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

"தொடை எலும்பு முனையை வெட்டி எடுத்துடுவாங்களாமே?"

"நம்மள மாதிரி ஓடியாடற ஆளுங்களுக்கு வெட்டறதில்லை தம்பி. லேசாச் சீவி, மேல ஒரு உலோகத் தொப்பி மாட்டிடுவாங்க. பின்னாடி எப்பவாவது தேஞ்சாலும், மாத்தி வைக்க உள்ள எலும்பு மிச்சமிருக்கும்."

"உங்களுக்கும் அதேதானா?"

"அதே தொப்பிதான்!"

"வலி?"

"பத்து இருபது நாள்தானாம். அஞ்சாறு மாசத்துல ஓடவே செய்யலாமாம்."

மனைவி ஒரு மாதமாகக் கெஞ்சியும் அசைந்துகொடுக்காத மனிதர், பத்தே நிமிடத்தில் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தீயணைப்பு வீரரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அடுத்த வாரம், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நடுவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அதில் பச்சை அங்கியும் வெளிறிய முகமுமாக, தொடையில் மையால் அம்புக்குறி போட்டுக்கொண்டு, அதே தீயணைப்பு வீரர்!

நடுவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன சார், மறுபடியுமா? தொப்பி கழண்டுடுச்சா?"

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க கழல்றது? மாட்டினாத்தானே? தீக்குள்ள குதிக்கற மனுஷன், ஊசியைப் பார்த்தா ஓட்டம். மூணு தடவை தேதி கொடுத்து, மூணு தடவையும் கம்பி நீட்டிட்டார். சரி, உங்க ரெண்டு பேர்ல யாரை முதல்ல கொண்டு போகட்டும்?"

தீயணைப்பு வீரரின் விரல் சட்டென்று நடுவர் பக்கம் நீண்டது.

"உங்களை அவ்வளவு தூரம் தேத்தினதே, எனக்கு முன்னால ஒருத்தர் உள்ள போயிட்டு வரட்டும்னுதான் தம்பி!"