ஒன்பதாம் எண்

துறைமுகத்தில் நின்றிருந்த வெள்ளைக் கப்பல் ஒருமுறை ஊதியது. சிற்றுண்டிக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், கையில் சுற்றுலா வரைபடத்தோடு நின்ற நெவில் திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது. நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஒரு நிமிடம் பிந்தினாலும் பிந்தியதுதான் என்று காலையில் அனுப்பிவைத்த விட்ஃபோர்ட் கறாராகச் சொல்லியிருந்தார். பிந்தினால் டிசம்பரில் வீடு போய்ச் சேரும் ஏற்பாடு மொத்தமும் பாழ். அதனால்தான் விட்ஃபோர்டின் தலைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தன் கடிகாரத்தின் முள்ளை நொடி பிசகாமல் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அது தானாத் திறக்காது தம்பி. தள்ளணும்."

அசட்டுச் சிரிப்போடு கதவைத் தள்ளிக்கொண்டு நெவில் உள்ளே போனார். குரலுக்குரியவருக்கு அறுபது வயதிருக்கும். ஷெரில் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட சூடான 'பை' ஒன்றைத் தட்டில் வைத்து நகர்த்தியவர், கப்பல் வரும் நாளில் ஹோபார்ட்டில் இந்த வரைபடம் இல்லாத கையே கிடையாது என்றார். நெவில் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வரைபடத்தில் ஒன்பது எண்கள். எட்டு வரை பேனாவால் வட்டமிட்டிருந்தார். பழைய கிடங்குகள், மீன்படகுத் துறை, மாலுமிகளின் கல்வீடுகள் எல்லாவற்றையும் விறுவிறுவென்று நடந்து முடித்ததே ஒன்பதாம் எண்ணுக்காகத்தான். கடைக்கு எதிரே பத்துப் படி இறங்கினால் வரும் சின்னக் கூழாங்கல் கரை அது.

"கப்பல்ல சாப்பாடெல்லாம் அமர்க்களமா இருக்குமாமே?" என்று ஷெரில் கேட்டார்.

"வேளைக்குப் போட்டுடறாங்க. என்ன கிழமைன்னு தெரிஞ்சா என்ன சாப்பாடுன்னு தெரிஞ்சிடும்."

"அறை?"

"சின்னதுதான். ஜன்னல் இருக்கு."

"ஜன்னல் கிடைச்சதே அதிர்ஷ்டம். என் தங்கச்சி போனப்ப அதுவும் இல்ல."

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பையின் கடைசித் துணுக்கை வழித்துச் சாப்பிட்டார். கீழே போய்க் காலை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காரப் போவதாகச் சொன்னார்.

"நாள் முழுக்கக் கடல் மேலயே மிதந்துட்டு, இங்க வந்து காலை நனைக்கணுமா?"

"பார்க்கிறது வேற, நனைக்கிறது வேற. ரொம்ப நாள் ஆசை. இப்ப ரெண்டு பத்துதானே, நேரம் இருக்கு."

ஷெரில் தட்டை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "ரெண்டு பத்தா? தம்பி, மூணு பத்து. கோடை நேரம் தொடங்கிடுச்சு, ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளியாச்சே. அக்டோபர் முதல் ஞாயிறு. உங்க ஆளுங்க யாரும் சொல்லலையா?"

நெவில் சட்டென்று எழுந்தார். வருடா வருடம் நடப்பதுதான், தெரியாத விஷயமில்லை. ஆனால் வெகுகாலமாக அவருக்கான நேரத்தை வேறு யாரோதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒரு பஸ். மூணே காலுக்கு ஒன்று. அதை விட்டால் அடுத்தது நாலே காலுக்கு.

வாசலுக்கு வந்தார். எதிரே பத்துப் படி. அலை வந்து கூழாங்கற்களை உருட்டிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. குனிந்து ஒரு காலணியின் கயிற்றைப் பிடித்தவர், அவிழ்க்காமலேயே நிமிர்ந்து மேட்டுத் தெருவில் ஓடத் தொடங்கினார்.

"தம்பி, கப்பல் அந்தப் பக்கம்" என்று ஷெரில் பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. நெவில் திரும்பவில்லை.

பஸ் கிடைத்துவிட்டது. ஆனால் ஆற்றுப் பாலத்தில் நெரிசல். பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைபேசியில் மணி என்னவென்று அவர் எட்டி எட்டிப் பார்க்க, அவள் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மூணு ஐம்பதுக்குப் பாலத்தின் நடுவே நின்றார்கள். இறங்கும்போது நாலு அடித்துவிட்டது. மீதித் தூரத்தை நெஞ்சு வலிக்க ஓடினார்.

இரும்புக் கதவின் முன்னால் வந்து நின்று, திறக்கட்டும் என்று காத்திருந்தார். சின்ன அடைப்பு விலகி விட்ஃபோர்டின் முகம் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க சார். பாலத்துல நெரிசல். ஆறே நிமிஷம்தான் சார். பஸ்காரனைக் கேட்டுப் பாருங்க."

விட்ஃபோர்ட் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் தலைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மணி மூணு ஆறு.

"ஓ, அதுவா? இதத் திருப்பி வைக்கிற ஆள் நாளைக்குத்தான் வருவான். அதுவரைக்கும் இது காட்டுறதுதான் இங்க நேரம். ஏட்டுலயும் அதைத்தான் எழுதுவோம்."

நெவில் குனிந்து தன் காலணிகளைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

விட்ஃபோர்ட் பூட்டைத் திறந்தபடியே சிரித்தார். "இருபது வருஷமா இந்தக் கதவுல நிக்கிறேன் நெவில். ஐம்பத்துநாலு நிமிஷம் முன்னாடியே திரும்பி வந்த கைதிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."