முகத்தில் ஒரு இன்ச்

கிளினிக் பில்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. எண்பத்து நாலாம் வருஷம். தோட்டத்து ஆட்களுக்கு வேலையில் காயம் பட்டால் டவுன் கிளினிக்கில் வைத்தியம். பில் என் மேசைக்கு வரும். முகத்தில் ஒரு இன்ச் வரை சாதாரணத் தையல் என்றால் குறியீடு எஃப்-1, பதினைந்து வெள்ளி. தாண்டினால் எஃப்-2, இருபத்தெட்டு வெள்ளி. பால் வெட்டும் மங்கம்மாவுக்கு எஃப்-2 போட்டிருந்தார்கள்.

அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். புருவத்தின் மேல் ரூலரை வைத்து அளந்தேன். சரியாக ஒரு இன்ச்.

"வேலையில வழுக்கி விழுந்தியா?"

"ஆமாங்கய்யா. இன்னும் உள்ள..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். நீ போலாம்."

பதிமூன்று வெள்ளியைக் காப்பாற்ற, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். தோட்டத்து மேனேஜர் துரை பாராட்டினால் எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை.

கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர் ஆம்புரோஸ்தான் இருந்தார். பில்லையும் ரூலரையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஒரு இன்ச் காயத்துக்கு எஃப்-2 எதுக்கு சார்?"

அவர் கார்டை எடுத்துப் பார்த்தார்.

"முகத்துல ரெண்டு காயம்னா நீளத்தைக் கூட்டி ஒரே கோட் நம்பர்தான் போடுவோம். புருவத்துல ஒரு இன்ச். உதட்டுக்கு உள்பக்கம் முக்கால் இன்ச். வாயத் திறக்கச் சொல்லிப் பாக்கலியா நீங்க?"

நான் ரூலரை மெதுவாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்படியும் தோற்க மனம் வரவில்லை.

"வழுக்கி விழுந்தா ரெண்டு இடத்துலயா கிழியும்? எனக்கு நம்பிக்கை இல்ல லா."

"எனக்கும்தான்." ஆம்புரோஸ் குரலைத் தணித்தார். "போன செவ்வாய் காலையில ஸ்டோர் கதவ ஒருத்தர் காலால உதைச்சுத் திறந்திருக்காரு. அந்தப் பக்கம் குனிஞ்சிருந்த மங்கம்மா மூஞ்சில அடிச்சிருக்கு. உதைச்சவரு, 'எவன்டா கதவுக்குப் பின்னால வாளிய வச்சது'ன்னு திட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாராம்."

செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஸ்டோர் வாசலில் என் இரண்டு கையிலும் ஆட்களின் வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகங்கள்.

"டாக்டர் உள்ளத உள்ளபடி எழுதப் போனாரு. அந்தம்மாதான் வாயில ரத்தத்தோட அவரு கையப் பிடிச்சிக்கிச்சு. 'வழுக்கி விழுந்தேன்னே எழுதுங்கய்யா. துரைக்குத் தெரிஞ்சா கிராணிக்கு வேலை போயிடும். அவருக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க'ன்னு சொல்லுச்சு."