கிணற்றுத் தண்ணீர் அறிக்கை

"கிணறு தேறல," என்றேன்.

மார்லா அப்போதுதான் டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள். பிளம் பழக்கூழ் வைத்த கொலாச்சே ரொட்டிகள். இன்னும் சூடு ஆறவில்லை. இன்றைக்குக் கடன் பத்திரம் கையெழுத்தாகிவிடும் என்று நம்பி, விடியும்போதே எழுந்து சுட்டிருக்கிறாள்.

"வீடு?" என்றான் அவள் கணவன் வெஸ்.

"வீடு தேறிடுச்சு. கூரை, ஹீட்டர், கரண்ட்டு எல்லாம் சரி. தண்ணிதான் சரியில்ல."

ஆறு வருஷமாக அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடு. ஊரிலிருந்து பதினோரு மைல், சுற்றிலும் மக்காச்சோளம். ஒமாஹா நகரத்தில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் அதை விற்கப்போவதாகச் சொன்னதும், தாங்களே வாங்கிக்கொள்ள அரசாங்கக் கடன் அதிகாரியான என்னிடம் கிராமத்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள்.

முன்பணம் வேண்டாம். அரசாங்கமே கடன் தரும். வெஸ் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறான், மார்லா பள்ளிக்கூடச் சமையலறையில். இவர்களைப் போன்றவர்களுக்கென்றே வைத்த கடன்.

இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது எனக்கு. இங்கே நான் கையிலெடுத்த முதல் கோப்பு இவர்களுடையது.

தண்ணீர்ச் சோதனை அறிக்கையை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். நைட்ரேட் பத்தைத் தாண்டக் கூடாது. முப்பத்தொன்று என்றிருந்தது. வயலுக்குப் போடுகிற உரம் வருஷக்கணக்காக மண்ணில் இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது.

வெஸ் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஆறு வருஷமா இதத்தான் குடிக்கிறோம். அப்பல்லாம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கடன்னு கேட்டதும் கவர்மென்ட்டுக்கு எங்க வயித்து மேல அக்கறை வந்துடுச்சாக்கும்."

அவன் சொன்னது சரிதான். வாடகை வீட்டுக் கிணற்றை இங்கே யாரும் சோதிப்பதில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். தண்ணீர் தேறாத வீட்டுக்குக் கடன் கிடையாது. புதுக் கிணறு தோண்டிக் கொடுக்க வீட்டுச் சொந்தக்காரர் மறுத்துவிட்டார். ரொக்கமாக வாங்க வேறு ஆள் கிடைத்துவிட்டது. அக்டோபர் கடைசிக்குள் இவர்கள் காலி செய்ய வேண்டும்.

வெஸ் சிரிப்பை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

மார்லா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த முப்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப இருந்து இப்படி இருக்கும் மேடம்?"

"ரொம்ப வருஷமா இருக்கும். நீங்க குடிவந்தப்பவே இருந்திருக்கும்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தைரியம் சொல்லலாம் என்று தோன்றியது.

"பயப்படாதீங்க. பெரியவங்கள உடனே ஒண்ணும் பண்ணிடாது. பால் பவுடர் கரைச்சுக் குடுக்கிற கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. மூச்சு நல்லாத்தான் இருக்கும், ஆனா ரத்தத்துல காத்து சேராது. உடம்பு நீலம் பாரிச்சுப் போயிடும். உங்க வீட்டுலதான் குழந்தை இல்லையே."

விண்ணப்பத்தில் அப்படித்தான் இருந்தது. வீட்டில் வசிப்பவர்கள், இரண்டு பேர்.

வெஸ் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"மார்லா," என்றான் வெஸ்.

பிறகு என்னிடம் சொன்னான். "இந்த வீட்டுக்கு வந்த புதுசுல எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஹேட்டி. ஏழு வாரம். காலையில எழுந்து பாத்தா அசைவில்ல. பக்கத்துல படுத்திருந்த இவதான் தூக்கத்துல மேல புரண்டிருப்பான்னு ஊரே பேசுச்சு."

தரையைப் பார்த்துக்கொண்டான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மார்லா அவன் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. நாற்காலி நுனிக்கு வந்து, என்னிடம் மட்டும் பேசினாள்.

"எனக்குப் பால் சுரக்கல மேடம். பவுடர்தான். ஆனா நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன். குழாயில புடிச்சத அப்படியே கரைக்கல. ஒவ்வொரு தடவையும் அடுப்புல வச்சு, பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்க விட்டுத்தான் ஆறவச்சுக் கரைப்பேன். அப்ப அது தண்ணியால இருக்காது, இல்ல?"

"இருக்காது," என்றேன்.

வெஸ் அறிக்கைக்கு ஒரு நகல் கேட்டான். எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த இயந்திரத்துக்குப் போனேன்.

தாளின் பின்பக்கத்தில் பொதுமக்களுக்கான எச்சரிக்கைகள் அச்சிட்டிருந்தன. முதல் வரி இது: நைட்ரேட் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள், வற்ற வற்ற நைட்ரேட் செறிவு கூடும்.

முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன்.