ஒரே தடவையில் திறந்த பூட்டு

“சும்மாதான் பார்த்தேன், திலகா. நீ என்னைப் பத்தி என்ன நினைக்கிறேன்னு...”

“அதை என்கிட்டயே கேக்க உங்களுக்கு வாய் இல்லையா?”

மனத்தில் ஓடுவதையெல்லாம் சேமிக்கும் சில்லு திலகவதியின் காதோரம் இருந்தது. மதியம் அவள் கண்ணயர்ந்தபோது கணவர் தாமோதரன் அதைத் திறந்து படித்துவிட்டார். பழைய ஒற்றர் படங்களில் நாயகன் கடவுச்சொல்லை ஊகித்துக் கணினியைத் திறக்கும்போதெல்லாம், நம்பமுடியாமல் சேர்ந்து சிரித்தவர்கள்தாம் இருவரும்.

“சினிமா ஒற்றனுக்கே மூணு தடவை ஆகும். உங்களுக்கு எப்படி ஒரே தடவையில திறந்துச்சு?”

“யாழினின்னு போட்டேன்.”

பிறந்த அன்றே இறந்த மகளுக்கு அவர்கள் வைத்த பெயர். வேறு யாருக்கும் தெரியாது.

“முப்பது வருஷமா ஒரு தடவைகூட அவ பேரை நீங்க சொன்னதில்லையே. இதுக்குத்தான் ஞாபகம் வெச்சிருந்தீங்களா?”