பன்னிரண்டாவது நிமிடம்

பன்னிரண்டாவது நிமிடத்தில் மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பட்டறை வாசலில், தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் மாட்டியிருந்த சின்னப் படகு மோட்டார். பக்கத்தில் தரையில், ஒரு ரப்பர் ஹோஸால் அதோடு இணைத்த பெட்ரோல் டேங்க். டிரம்முக்குள் சுழன்ற தண்ணீர் மெல்ல அடங்கியது.

மெக்கானிக்கின் மருமகளுடைய அண்ணன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். “பன்னெண்டு நிமிஷம் மாமா. படகுத்துறையிலேர்ந்து அந்தப் பாறைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?”

மெக்கானிக்குக்குத் தெரியும். அதே பன்னிரண்டு.

பதினேழு நாளுக்கு முன்னால், அவருடைய மகன் அக்கரைக்கு வேலைக்குப் போகும்போது, அலைதடுப்புப் பாறைகளுக்கு நேராக இந்த மோட்டார் நின்றுபோனது. என்ன ஏதென்று குனிந்து பார்க்க நேரமில்லை. ஒரே அலை. படகு கவிழக்கூட இல்லை. அவனை மட்டும் பாறைமேல் உதறிவிட்டு, டேங்கில் பாதி பெட்ரோலோடு மணலில் போய் ஏறிக்கொண்டது.

அதற்கு முந்தின நாள்தான் பெட்ரோல் போகும் பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு, புது ஹோஸ் மாட்டிக் கொடுத்திருந்தார். பெற்ற மகனின் மோட்டார் என்று வேறு யார் கையையும் அதில் படவிட்டதில்லை.

ஊர் பேச வேண்டியதைப் பேசியது. அண்ணன் தங்கையை அழைத்துப் போக வந்தான். அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

“எதையும் மாத்தாம அப்படியே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க மாமா. உங்க கைத்தப்பு இல்லன்னு தெரிஞ்சா நானும் பிள்ளையும் எங்கயும் போகல.”

இப்போது எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல இருக்கிற மோட்டாரெல்லாம் இவரு கை பட்டா ஓடுது,” என்றான் அண்ணன், யாருக்கோ சொல்வதுபோல. “வீட்டு மோட்டாருக்குத்தான் கை வரல.”

மெக்கானிக் குந்தி உட்கார்ந்தார். வேறு யாருடைய மோட்டாராக இருந்தாலும் முதலில் டேங்கைத்தான் பார்த்திருப்பார். இன்று விரல்கள் அவரே மாட்டிய ஹோஸுக்குத்தான் போயின. முனைக்கு ஒன்றாக, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப். இரண்டையும் அசைத்துப் பார்த்தார்.

ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழைக் கையில் எடுத்தார். வழக்கமாக எலுமிச்சம்பழம்போல் திரண்டிருப்பது, ஒட்டிப்போய்த் தட்டையாகக் கிடந்தது.

“பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமோ?” என்றான் அண்ணன்.

“அதுக்கு வாய்ப்பே இல்லண்ணா.” அவள் சட்டென்று சொன்னாள். “முந்தின நாள் ராத்திரி மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அவரு தூங்கிட்டாரு. நான்தான் கொல்லையில கெடந்த டேங்கை உள்ள எடுத்து வச்சேன். மூடி, அதுமேல இருக்கிற குட்டித் திருகு, எல்லாத்தையும் ஒரு சொட்டு இறங்காம இறுக்கினேன். விடிஞ்சதும் பழைய இடத்துலயே வச்சுட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது.”

அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது. அவனுக்காகக் கடைசியாகச் செய்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்தேன் என்கிற தெளிவு.

மெக்கானிக் உள்ளங்கையை டேங்க் மூடியின் மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

“ஹோஸ்தான்,” என்றார். “கிளாம்பை நான் சரியா இறுக்கல. காத்து வாங்கியிருக்கு.”

“நல்லாப் பாத்தீங்களா மாமா?”

“பாத்தேம்மா.”

“இன்னொரு தடவை பாருங்களேன்.”

“பாத்துட்டேம்மா.”

அவள் உள்ளே போனாள். பை ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

“நாளைக்கு வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்,” என்றான் அண்ணன். “அவன் வாயாலயும் ஒரு தடவை கேட்டுக்கிறேன். அதுவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது.”

போகும்போது அவள் வர்றேன் என்று சொல்லவில்லை. தோளில் கிடந்த குழந்தை மட்டும் தெரு திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே போனது.

ஆட்டோவின் சத்தம் முழுவதும் தேயும்வரை அவர் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு எடுத்தார். மூடியின் மேல் பட்டாணி அளவுக்கு ஒரு திருகு. மோட்டார் ஓடும்போது அது திறந்தே இருக்க வேண்டும். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த வழியாகத்தான் டேங்குக்குள் காற்று வரும். அதை இறுக்கி மூடிவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும்; எந்த மோட்டாரும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. மகன் ஒருநாளும் அதை மூடியதில்லை. அதனால் அன்றைக்கு அதைப் பார்க்கவும் இல்லை.

திருகினார். டேங்க் நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. ஒடுங்கியிருந்த பக்கங்கள் ‘டொக்’கென்று பழைய நிலைக்கு வந்தன.

அடுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மோட்டார் பக்கத்துக் கிளாம்பில் வைத்தார்.

அது அசைய மறுத்தது. மகனுக்கு மாட்டுகிறோம் என்று அன்றைக்கு அரைச் சுற்று கூடுதலாகவே இறுக்கியிருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மூன்றாவது முயற்சியில்தான் தளர்ந்தது.