முதலில் வருகிறவனுக்கு

டிபன் டப்பாவுக்குள் ஒரு குட்டி யானை பொம்மையை வைத்து, மூடியை அழுத்தினாள் ஸ்வேதா. முதலில் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு. அந்த முதல் ஆள் யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பொம்மை அவன் கைக்குப் போய்ச் சேராது என்பதும் தெரியும்.

ஜியோகேச்சிங் என்கிற இந்த விளையாட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அண்ணன் ஆண்ட்ரூ. மலையில் எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் குறித்துப் போட வேண்டும். மற்றவர்கள் போனில் வழி பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கிற சீட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

"இதுக்கும் ரூல்ஸ் இருக்கு பாப்பா," என்பான் ஆண்ட்ரூ. "தோண்டிப் புதைக்கக் கூடாது. ஒரு கல்லக்கூடப் பேர்க்கக் கூடாது. ஆள் விழற எடத்துல வெக்கவே கூடாது."

அந்தக் கடைசி விதியைத்தான் கீர்த்திவாசன் மீறினான். போன வருஷம் பாறை விளிம்பில் அவன் வைத்த டப்பாவைத் தேடிப் போன ஆண்ட்ரூ, பள்ளத்தில் விழுந்து செத்தான். "நான் வெச்சதுதாங்க. என் தப்புத்தான்" என்று கீர்த்திவாசனே ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டான். விபத்து என்று சொல்லி, திட்டி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், ஆண்ட்ரூவுக்குக் கிடைக்க வேண்டிய ரிசார்ட் கைடு வேலையைத் தட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். அப்படிப்பட்டவன் இன்னமும் குன்னூர் பஜாரில் நடமாடுகிறான். யார் புதுசாக டப்பா வைத்தாலும் முதல் ஆளாகக் கிளம்பி விடுகிறான்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த அண்ணனின் பையை அன்றுதான் திறந்தாள். நெற்றியில் மாட்டும் டார்ச், குறுகலான டப்பாவிலிருந்து சீட்டை உருவும் இடுக்கி, மழையிலும் எழுதும் பேனா, அடியில் ஒரு முழ நீளக் கடப்பாறை. கடப்பாறையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

டப்பாவின் அளவைக்கூட யோசித்துத்தான் எடுத்திருந்தாள். பழைய கேமரா பிலிம் டப்பா மாதிரி சின்னது என்றால் நின்று நிதானித்துத் தேடுவான். டிபன் டப்பா தூரத்திலேயே கண்ணில் படும். நேராக வருவான்.

கேத்தி கிராமத்துக்கு மேலே ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாறை. விளிம்புக்கு ஓரமாக டப்பாவை வைத்தாள். அதை எட்டி எடுக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கல்லில்தான் கால் வைக்க முடியும். அந்தக் கல்லை ஒரு மிதிகூடத் தாங்காதபடி நெம்பி விட்டாள். பிறகு இணையத்தில் வேறு பெயரில் எழுதினாள்: 'மிகச் சுலபம்.'

போட்ட கொஞ்ச நேரத்திலேயே கீர்த்திவாசன் வந்துவிட்டான்.

சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள் ஸ்வேதா. பனிமூட்டம் விலகி, பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்கள் தெரிந்தன. டப்பாவைப் பார்த்துவிட்டான். நெருங்கினான். இன்னும் ஓர் எட்டு.

கல்லருகே நின்றவன், கையிலிருந்த தடியால் அதை லேசாகத் தட்டினான். கல் புரண்டது. விளிம்பைத் தாண்டி, எங்கேயோ கீழே மோதி மோதிச் சத்தம் ஓய்ந்தது.

"வெளிய வாம்மா ஸ்வேதா," என்றான் திரும்பாமலே. "ரோட்டுல உன் வண்டி நிக்குது, பாத்துட்டுத்தான் வந்தேன்."

இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது? வெளியே வந்தாள்.

"அந்தக் கல்லோட நீங்களும் போயிருக்கோணும்! எங்கண்ணன் எப்புடி விழுந்தானோ அப்புடியே விழுந்திருக்கோணும்!"

கீர்த்திவாசன் விளிம்பிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றான்.

"விளிம்புல வெக்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? உங்க டப்பாவத் தேடித்தானே அவன் போனான்? ஸ்டேஷன்ல நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டேன். பக்கத்துல உங்கம்மா உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. வேற என்ன சொல்றது?"

"அப்புடின்னா?"

"அந்த டப்பாவ நான் வெக்கலம்மா. அன்னைக்குக் காலைல எனக்கு எடத்தப் போன்ல அனுப்பி, 'சுலபந்தான், வா'ன்னு கூப்புட்டதே ஆண்ட்ரூதான்."

ஸ்வேதா அவனை வெறித்துப் பார்த்தாள். "பொய்."

"அவன் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிட்டேன். பாத்தா, விளிம்புல குனிஞ்சு ஒரு கல்ல நெம்பிக்கிட்டு இருந்தான். 'டேய், வழுக்கும்டா'ன்னு கத்துனேன். திடுக்குனு திரும்புனான். அவ்வளவுதான். ஓடிப் போனேன். கை எட்டல."

"எங்கண்ணன் எதுக்குக் கல்ல நெம்போணும்?" அவள் கத்தியது பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. "சொல்லுங்க, எதுக்கு நெம்போணும்?"

கீர்த்திவாசன் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை.

"நீ எதுக்கு நெம்புனியோ, அதுக்குத்தாம்மா."